அம்மாவுக்குச் சிரி

முதலில் காணாமல் போனது சடங்குப் படம்.

கண்டிப் பக்கத்து வத்தேகம பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற பேக்கரியில் கலாராணிக்கு வேலை. பணிஸ் அடுக்குவாள், தட்டுக் கழுவுவாள், முதலாளியின் வாயையும் பொறுத்துக்கொள்வாள். மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, மாவு மூட்டையில் முதுகைச் சாய்த்துக்கொண்டு போனை எடுப்பாள். மற்றப் பெண்கள் நாடகம் பார்ப்பார்கள். இவள் தன் மகளின் படங்களைப் பார்ப்பாள். மேலிருந்து கீழே, மறுபடி கீழிருந்து மேலே, கோயிலைச் சுற்றுகிறவள் போல ஒரு நாள் தவறாமல் பார்ப்பாள். அன்றைக்கு எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டிய படம் அங்கே இல்லை. ரோஸ் சேலையில், தலை கொள்ளாத பூவோடு, நிலோஜா மணையில் உட்கார்ந்து சிரிக்கிற படம்.

விரல் பட்டு எங்கேயாவது நகர்ந்திருக்கும் என்று தேடினாள். போனை அணைத்துப் போட்டாள். ம்ஹூம், இல்லை. 'அட, ஒரு படம்தானே, போனால் போகுது' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். நமக்கென்ன, பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்து வளர்த்தவர்கள். கலாராணி எங்கே வளர்த்தாள்? பார்த்தாள், அவ்வளவுதான். பார்த்ததெல்லாம் அந்தப் போனுக்குள்தான் இருந்தது.

கடுகண்ணாவை வளைவில் லொறி கவிழ்ந்து அவள் புருஷன் சுரேஸ் செத்தபோது நிலோஜாவுக்கு ஐந்து வயது. பிள்ளையை மஹய்யாவையில் இருந்த தங்கச்சி ஜெயராணியிடம் விட்டுவிட்டுக் கலாராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். போனவள் போனவள்தான். நடுவில் ஒரே ஒரு லீவு. மற்றபடி நல்ல நாள் விசேஷத்துக்கு ஜெயராணி அனுப்புகிற படங்கள்தான் பிள்ளை. பல் விழுந்த படம், புது வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போகிற படம், மாரியம்மன் தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். எல்லாவற்றிலும் பிள்ளை சிரித்தது. வெங்காயம் உரிக்கிற நேரமாகப் பார்த்து கலாராணி போனைத் திறப்பாள். அழுதாலும் அந்த நேரத்தில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

நிலோஜா பெரிய பிள்ளையான சடங்குக்குக் குவைத் வீட்டு மேடம் லீவு கொடுக்கவில்லை. 'பெத்தவ வராத சடங்கும் ஒரு சடங்கா' என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றார்கள். கலாராணி அங்கே குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் குமுறி அழுதாள். பிறகு படம் வந்தது. அதைப் பார்த்துத்தான் மனதை ஆற்றிக்கொண்டாள். அந்தச் சடங்கோடு நிலோஜா படம் எடுக்க விடுவதை நிறுத்திக்கொண்டாள். அதனால் அதுதான் கடைசிப் படம்.

படங்களைப் பத்திரப்படுத்த அவளுக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நகையை வைத்திருக்கிறவள்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டாள். லீவில் வந்தபோது போன் நிறைந்து திணறியது. வத்தேகம டவுனில் போன் கடை வைத்திருக்கும் ஃபாஸிலிடம் கொண்டுபோனாள்.

"போனுக்குள்ள வெச்சிருந்தா ஒரு நாளைக்கு இல்லாமப் போயிரும் அக்கா. மேல ஏத்தி விட்டுருவோம், இனி வாறதும் தானாப் போயிரும். போன் ஒடைஞ்சாலும் படம் ஒடையாது."

"மேலன்னா எங்க தம்பி?"

"கிளவுட்ல. மேகம்னு வெச்சிக்கங்களேன்." அவனே ஒரு ஈமெயில் கணக்குத் திறந்தான். அதற்கு ஒரு இரகசியச் சொல்லையும் அவனே போட்டான். படங்களை மேலே ஏற்றிவிட்டு, போனில் இருந்ததைக் காலிபண்ணி இடமும் எடுத்துக் கொடுத்தான். கணக்கின் பெயர் என்ன, சொல் என்ன என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வத்தேகமவில் யார்தான் கேட்டார்கள்? போன் வாங்கினால் ஈமெயிலும் கடைக்காரன் போட்டுத் தருவதுதானே ஊர் வழக்கம். பிறகு அவனிடமே போன் மாற்றியபோதும் படங்கள் வந்து நின்றன. ஹந்தானை மலைப் பக்கம் மேகம் கவிந்து கிடக்கிறபோதெல்லாம், 'நம்ம புள்ள பத்திரமா இருக்கு' என்று நினைத்துக்கொள்வாள்.

போன வருஷம் நிரந்தரமாகத் திரும்பி வந்தாள். பேக்கரி வேலை கிடைத்ததும் வத்தேகமவில் ஓர் அறை எடுத்து, மகளைத் தங்கச்சி வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். படங்களில் அப்படிச் சிரித்த பிள்ளை நேரில் சிரிக்கக் காணோம். 'அம்மா' என்று கூப்பிடும், டீச்சரைக் கூப்பிடுகிற மாதிரி. சோறு போட்டால் சாப்பிடும். கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் ஒன்றும் வராது. ஒரு நாள் கலாராணி போனைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நிலோஜா சொன்னாள்: "நேர்ல இருக்கிறவள விட போன்ல இருக்கிறவதான் ஒனக்குப் புள்ள." சொல்லிவிட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டாள். அந்தச் சொல் கலாராணியின் நெஞ்சில் மீன் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

சடங்குப் படத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் மணையைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் போனார்கள். அதற்கு மறுநாள் பரிசளிப்பு விழாப் படங்கள் இல்லை. ஒவ்வொரு நாளும் நாலைந்து படங்கள், மேலிருந்து கீழே, ஒழுங்காக ஒருவர் உட்கார்ந்து உருவுகிற மாதிரி குறைந்துகொண்டே வந்தன. போன் தானாகவா அழிக்கும்? கையில் எடுப்பது இரண்டே பேர். ஒருத்தி இவள். மற்றவள்?

அன்று வேலை முடிந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என் போன எடுத்தியாடி?"

"சார்ஜ் போட்டேன்."

"படத்த எல்லாம் என்னா பண்ணுன?"

"எந்தப் படத்த?"

"நடிக்காத. சடங்குப் படம் ஒண்ணுகூட இல்ல. பரிசு வாங்குன படம் இல்ல. ஒனக்குத்தான் அதுகளக் கண்டாலே ஆகாதே!"

நிலோஜா வாயைத் திறந்தாள். அதற்குள் கை போய்விட்டது. பளாரென்று கன்னத்தில் விழுந்த அடியில் பிள்ளை அலுமாரியில் சாய்ந்து நிமிர்ந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அன்றைக்குக் கலாராணிக்கு அந்த மட்டும் இல்லை.

"ஆமா," என்றாள் நிலோஜா. கண்ணில் ஒரு சொட்டுக் கிடையாது. "நான்தான் அழிச்சேன். இன்னும் மிச்சம் கெடக்குல்ல, அதையும் அழிப்பேன்."

விடிந்ததும் பள்ளிக்கூடப் பையில் இரண்டு உடுப்பைத் திணித்துக்கொண்டு, கண்டி பஸ் ஏறி மஹய்யாவைக்குப் போய்விட்டாள். கலாராணி தடுக்கவில்லை. 'போகட்டும், கொழுப்பெடுத்தது' என்று பேக்கரியில் தட்டுகளை இடித்து இடித்துக் கழுவினாள்.

மத்தியானம் போனைத் திறந்தாள். தேர்ப் படம் இல்லை.

போன் அவள் இடுப்பில்தான் இருந்தது. மகள் மஹய்யாவையில். தொட ஆளில்லை. மறுநாளும் நாலு படம் போய், அடியில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. கலாராணிக்குப் படங்கள் போகிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று எழுந்தது. அந்தப் பிள்ளை செய்யவில்லை. செய்யாத பிள்ளையை அடித்திருக்கிறாள்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. படங்களுக்கு மேலே, சடங்குப் படம் இருந்த இடத்தில், புதிதாக ஒரு படம் வந்து நின்றது. நீலப் பூப்போட்ட மேசை விரிப்பு, அதன் மேல் ஒரு மாத்திரை அட்டை, ஓரத்தில் ஒரு பூனையின் வால். கலாராணி எடுத்த படமில்லை. அவளுக்குப் பூனையும் கிடையாது, மேசையும் கிடையாது. முதலாளி பின்னால் கத்தக் கத்த ஏப்ரனோடு ஃபாஸிலின் கடைக்கு ஓடினாள்.

ஃபாஸில் போனை வாங்கிப் பார்த்தான். கணக்குக்குள் போனான். பிறகு கதிரையைத் தள்ளிவிட்டு, "இரிங்க அக்கா," என்றான். குரலே சரியில்லை.

"என்னான்னு சொல்லுங்க தம்பி. பயமா இருக்கு."

"ஒங்கட கணக்குல ரெண்டு போன் இருக்கு."

"என்கிட்ட ஒண்ணுதானே இருக்கு?"

"மத்தது நான் குடுத்தது." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆஸியா உம்மாண்டு, பள்ளி வீதியில, புள்ளையளுக்கு ஓதிக் குடுக்கிறவங்க. நோம்பு முடிஞ்சி ஒரு பழைய போன் வாங்கினாங்க, கட்டார்ல இருக்கிற மகன்ட முகத்தப் பாக்க. என்ட நம்பர்ல அளவுக்கு மேல கணக்குத் தெறந்தாச்சு, இனிப் புதுசு தர ஏலாதுண்டு வந்திச்சு. இந்தக் கணக்கு ஞாபகம் வந்திச்சு. நீங்கதான் ஈமெயில் ஒண்டும் பாக்கிறதில்லயே, என்ன ஆகப் போகுதுண்டு அதையே போட்டுட்டேன். அங்க அழிச்சா இங்கயும் அழியும் அக்கா. என்ட புத்தியச் செருப்பால அடிக்கணும்."

கலாராணிக்குப் பாதிதான் விளங்கியது. விளங்கிய பாதியே போதுமானதாக இருந்தது. "அழிஞ்சது திரும்பி வருமா? அத மட்டும் சொல்லுங்க."

"அழிச்சா ஒரு கூடைக்குள்ள போய்க் கெடக்கும். ரெண்டு மாசம் வரைக்கும் எடுக்கலாம்." திறந்து காட்டினான். கூடை துடைத்து வைத்த மாதிரிக் கிடந்தது. "அதையும் காலி பண்ணிட்டாங்க," என்றான் மெதுவாக.

மேகத்தில் இருக்கிறது, பத்திரமாக இருக்கிறது என்று இத்தனை வருஷமாய் நம்பினாளே! பூட்டுச் சாவி இன்னொருத்தர் கையில் இருக்கிற வீட்டில் பிள்ளையைப் படுக்க வைத்திருந்திருக்கிறாள்.

ஃபாஸில் கடையைச் சாத்திவிட்டு அவளைப் பள்ளி வீதிக்குக் கூட்டிப் போனான். வழி நெடுக கலாராணி திட்டுவதற்குச் சொல் சேர்த்துக்கொண்டே போனாள். குவைத்தில் கேட்ட வசவு, பேக்கரியில் கேட்ட வசவு எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. கதவைத் திறந்தது முக்காடிட்ட, கண்ணாடி போட்ட, சுறுசுறுப்பான ஒரு மனுசி. பின்னால் நீலப் பூப்போட்ட விரிப்பும் பூனையும் தெரிந்தன. ஃபாஸில் விஷயத்தைச் சொல்லி முடிக்கும் முன்னே ஆஸியா உம்மா கலாராணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அல்லாவே! அந்தப் புள்ள ஒங்கட புள்ளயா? பல்லு உழுந்த புள்ள? தேர்க் கயித்தப் புடிச்சிட்டு நிக்கிற புள்ள? நல்லா இருக்கா அந்தப் புள்ள, மகள்?"

சேர்த்து வைத்த வசவெல்லாம் கலாராணிக்கு மறந்துபோனது.

"பழைய போன்தானே, முன்ன வெச்சிருந்தவங்கட படம் உள்ளுக்கே நிண்டுட்டுதுண்டு நெனச்சேன்," என்றார் ஆஸியா உம்மா. "என்ட மருமகன் இந்தப் போன எடுப்பார், பேரன்மார் எடுப்பாங்க, அவங்கட கூட்டாளிமார் எடுப்பாங்க. பூ வெச்சி, நகை போட்டு, வளந்த பொம்புளப் புள்ள ஒண்டு நிக்கிற படம் நாலு ஆம்புளட கையில போகலாமா? பிறத்தியார்ட புள்ளண்டாலும் மானம் மானம்தானே. அமானிதம் மகள் அது, நம்மள நம்பி வந்த பொருள். அதான் பெரிய புள்ளட படத்த முதல்ல அழிச்சேன்."

"சின்ன வயசுப் படங்கள?" கலாராணி கேட்டாள்.

"அத வெச்சிக்க ஆசதான். ஆனா ஆசப்பட்டாப்போல பிறத்தியார்ட சாமான வெச்சிக்க ஏலாதே. பின்னேரம் அசர் தொழுதுட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா, ஒவ்வொரு படமா எடுத்துப் பாத்து, இந்தப் புள்ள எங்கண்டாலும் நல்லா இருக்கணும் ரப்பேண்டு துஆ கேட்டுட்டுத்தான் அழிச்சேன். பொறகு பாத்தா கூடைக்குள்ள போய்க் கெடக்கு. அங்க கெடந்தா யாரும் பொறுக்கிருவாங்களே. அதையும் தொடச்சேன்." சொல்லிக்கொண்டே வந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும். கண்ணாடியைக் கழற்றினார். "வேற எங்கயும் இல்லயா மகள்? நெசமாவே இல்லயா?"

கலாராணி தலையை ஆட்டினாள். அந்த மனுசி வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். யாரைத் திட்டுவது? கெட்டது செய்தவளாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். தன் பிள்ளையின் மானத்தைத் தன்னைவிடப் பத்திரமாகக் காத்தவளை என்ன சொல்லித் திட்டுவது? கலாராணி அங்கேயே தரையில் உட்கார்ந்து அவரோடு சேர்ந்து அழுதாள். பூனை இருவரையும் சுற்றிச் சுற்றி வந்தது.

அழுது முடிந்த பிறகு ஆஸியா உம்மா போனை எடுத்து நீட்டினார். "ஒண்டே ஒண்டு மிச்சம். இத அழிக்க மனசு வரல்ல."

கட்டுநாயக்க விமான நிலையத்து வாசல். ஜெயராணியின் புருஷன் மூக்கையா எடுத்த படம். பயணப் பையோடு கலாராணி. அவள் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாய் கோணி, மூக்கு ஒழுக, ஐந்து வயது நிலோஜா. கலாராணி எப்போதும் இந்தப் படத்தை மட்டும் விரலால் வேகமாகத் தள்ளிவிடுவாள்.

"தாயும் புள்ளயும் சேந்து நிக்கிறது இது ஒண்டுதான்," என்றார் ஆஸியா உம்மா. "புள்ள அழுறதும் இது ஒண்டுதான். மத்த எல்லாத்துலயும் ஒரே சிரிப்பு மகள், அச்சுல வாத்த மாதிரி. அத்தன வருசத்துக்கு ஒரு புள்ள அப்பிடியா சிரிக்கும்? எனக்கு அது ஒரு யோசனயாவே இருந்திச்சு."

அங்கிருந்து நேரே மஹய்யாவைக்குப் பஸ் ஏறினாள். ஒரு சின்ன ஆசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அனுப்பியவள் ஜெயராணிதானே, அவளிடம் ஏதாவது இருக்காதா? வீட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் கேட்டாள்.

ஜெயராணி உதட்டைப் பிதுக்கினாள். "அனுப்புன கையோட அழிச்சிருவேன்க்கா. எனக்கு எதுக்குப் படம், புள்ளதான் பக்கத்துலயே கெடந்திச்சே." தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அவள். உள்ளதைச் சொன்னாள். பிளேன்டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

உள்ளறையில் நிலோஜா மேசையில் துணி விரித்து நாளைய பள்ளிச் சட்டையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். தாயைக் கண்டதும் நிமிர்ந்தாள், பிறகு குனிந்துகொண்டாள். இடது கன்னத்தில் தடம் ஒன்றும் இல்லை. கலாராணி அங்கேதான் பார்த்தாள்.

"நீ அழிக்கல. எனக்குத் தெரிஞ்சிருச்சு."

"ம்."

"பொறவு ஏன்டி நான்தான்னு சொன்ன?"

"இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பியா?"

கலாராணி போனைத் திறந்து மிச்சமிருந்த படத்தை நீட்டினாள். நிலோஜா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். வெளியே ரயில் ஒன்று மஹய்யாவைச் சுரங்கத்துக்குள் ஊதிக்கொண்டு போயிற்று.

"இது எனக்கு ஞாபகம் இருக்கு," என்றாள். "பேக் வார நான் விடல. சின்னம்மா ஒவ்வொரு விரலாப் பிரிச்சாங்க."

"என்ன மன்னிச்சுக்கடி." தாய் மகளிடம் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் கிடையாது. அதனால் வார்த்தை பாதியில் உடைந்து வந்தது. நிலோஜா சட்டையின் கையை நீவிவிட்டாள். அதற்கு மேல் பிள்ளையிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், கலாராணி தெரிந்த ஒன்றைக் கேட்டாள். "ஒரே ஒரு படம் எடுத்துக்கவா? ஒண்ணுகூட இல்லடி என்கிட்ட."

நிலோஜா மறுக்கவில்லை. மேசையைச் சுற்றி வந்து சுவரோரம் நின்றாள். முதுகு தானாக நிமிர்ந்தது. உதடு தானாக விரிந்தது. போனில் அந்தச் சிரிப்பு தெரிந்தது. பல் விழுந்த படத்திலும், தேர்ப் படத்திலும், மணையிலும் இருந்த அதே சிரிப்பு. கலாராணியின் நெஞ்சு ஒரு நிமிஷம் குளிர்ந்தது. பிறகு அது முகத்திலிருந்து கழன்று விழுந்தது.

"சின்னம்மா எப்பயும் 'அம்மாவுக்குச் சிரி'ன்னு சொல்லித்தான் எடுப்பாங்க," என்றாள் நிலோஜா. "அழுதுகிட்டு இருந்தாலும் மூஞ்சியத் தொடச்சிவிட்டு நிப்பாட்டுவாங்க. நீ அழுத மூஞ்சியப் பாத்தா ஒங்கம்மாவால அங்க வேல செய்ய முடியாதும்பாங்க. சடங்கு அன்னைக்கும் அப்பிடித்தான். நீ வரலன்னு காலையில இருந்து அழுதேன். மணையில ஒக்கார வெச்சி, அம்மாவுக்குச் சிரின்னாங்க. சிரிச்சேன்." மூச்சு வாங்கினாள். "இப்ப நீயே எதுக்க நிக்கிற. நான் யாருக்குச் சிரிக்கிறது?"

கலாராணி போனைத் தாழ்த்தி மேசையில் கவிழ்த்து வைத்தாள். இத்தனை வருஷம் மேலும் கீழுமாக அவள் பார்த்ததெல்லாம் இதுவா?

நிலோஜாவின் வாய் கோணத் தொடங்கியது. விமான நிலையத்து வாசலில் கோணிய அதே மாதிரி. இந்த முறை யாரும் முகத்தைத் துடைத்துவிடவில்லை. கலாராணியின் கை எழுந்தது. தான் அடித்த அந்தக் கன்னத்தை நோக்கிப் போனது. தொட விடுவாளா மாட்டாளா என்று தெரியாமல் பாதி வழியில் நின்றது.